ஆண்டுக்கு ஒரு பயணம் போகும் குடும்பத்துக்கு எந்த மைல் கணக்கு சரிப்படும்?

போன ஆண்டு மார்ச் மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டு மின்னஞ்சலில் நான்கு கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. நான்கிலும் ஒரே செய்தி: உங்கள் மைல்கள் இந்த மாதக் கடைசியில் காலாவதியாகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்வந்தபோது சேர்ந்த மைல்கள் அவை; அதாவது விமான நிறுவனம் தன் மைல் திட்டத்தில் சேர்ந்த பயணிகளுக்குத் தரும், பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகள். ஒவ்வொருவர் கணக்கிலும் இரண்டாயிரத்துச் சொச்சம். நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சின்ன டிக்கெட்டுக்காவது ஆகும். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒருவருடைய மைலை இன்னொருவர் கணக்கில் சேர்க்க வழியில்லை. தனித்தனியாக வைத்துப் பார்த்தால் எதற்கும் போதவில்லை. மாதம் முடிந்தது, மைலும் போனது.

அந்த வருத்தத்தில்தான் உட்கார்ந்து இந்தத் திட்டங்களின் விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபின் எனக்குத் தெளிவானது இதுதான். எந்தத் திட்டத்தில் வேகமாகச் சேரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாதம் நாலு முறை பறக்கிறவருக்கு அது சரியான கேள்வி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் சொந்தக் காசில், பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்துப் பறக்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சேர்கிற கொஞ்சத்தை எங்கே, எந்தத் தேதியில், யாருக்காகச் செலவழிக்கப் போகிறோம்? அதற்குப் பதில் தெரிந்தால் திட்டம் தானாகவே அமையும்.

இந்தத் திட்டங்கள் யாருக்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மீதும் வழித்தடங்களின் மீதும் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் எந்த விலைக்கும் டிக்கெட் விற்கலாம் என்றானபோது, பயணிகள் எங்கே மலிவோ அங்கே போனார்கள். அவர்களைக் கட்டிப்போட ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் தன் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தோடு பின்னால் வந்தது. குறி யார்மேல் என்று பார்த்தால், அலுவலகக் காசில் வாராவாரம் பறக்கும் வியாபாரப் பயணிமேல். டிக்கெட் விலையைக் கம்பெனி கொடுக்கும், மைல் மட்டும் அவர் பைக்கு வரும். விலை கொஞ்சம் கூடுதலானாலும் அவர் அதே விமானத்தில்தான் ஏறுவார். இன்றுவரை இந்தத் திட்டங்களின் எலும்புக்கூடு அதுதான். நாம் அதற்குள் விருந்தாளியாக நுழைகிறோம்.

பிறகு வங்கிகள் வந்தன. விமான நிறுவனங்கள் தங்கள் மைல்களை மொத்தமாகக் கடன் அட்டை வங்கிகளுக்கு விற்றன. வங்கிகள் அவற்றைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சன்மானமாகக் கொடுத்தன. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது 2020இல், கொரோனா காலத்தில், எல்லோருக்கும் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தையே அடமானம் வைத்து 500 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது. அதற்காகப் போட்ட மதிப்பீட்டில் அந்தத் திட்டம் சுமார் 2,190 கோடி டாலர் பெறும் என்றார்கள். அன்றைய பங்குச் சந்தையில் மொத்த யுனைடெட் நிறுவனத்தின் விலையே அதைவிடக் குறைவு. விமானங்களையும், அவை ஏறி இறங்க விமான நிலையங்களில் ஒதுக்கிய நேரங்களையும் வைத்திருக்கும் கம்பெனியைவிட, அதன் புள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம்!

இந்தக் கணக்குப் புத்தகத்தில் நம் பெயர் எங்கே இருக்கிறது? கொடுத்த மைல்களில் ஒரு பகுதி ஒருபோதும் திரும்பி வராது என்று நிறுவனங்கள் முன்கூட்டியே கணித்து, அந்தப் பகுதியை வருமானமாக எழுதிக்கொள்கின்றன. கணக்கியல் விதிகளும் அதை அனுமதிக்கின்றன. திரும்பி வராத மைல் பெரும்பாலும் யாருடையது? மூன்று ஆண்டில் ஒருமுறை பறந்து, இரண்டாயிரம் மைல் சேர்த்து, மறந்துபோகிறவருடையது. எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு கடிதங்களும் அந்தக் கணக்கில் முன்பே எழுதப்பட்டிருந்தன என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சேர்க்கும் முறையும் நமக்குச் சாதகமாக இல்லாமல் மாறிவிட்டது. முன்பு எத்தனை மைல் தூரம் பறந்தோமோ அதற்கேற்ப மைல் கிடைத்தது. மலிவு டிக்கெட்டில் நீண்ட தூரம் போகிறவருக்கு அது லாபம். 2015இல் அமெரிக்காவின் டெல்டாவும் யுனைடெட்டும் தூரத்தை விட்டுவிட்டு, கொடுத்த காசுக்கு ஏற்ப மைல் என்று மாற்றின. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். நம் நாட்டில் ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் தன் 'ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டத்தை அப்படி மாற்றியது. இப்போது அதன் பெயர் 'மகாராஜா கிளப்'. 2006 முதல் பறக்கும் இண்டிகோ, நாட்டின் ஆகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்த பிறகும், பல ஆண்டுகள் தனக்கென்று இப்படியொரு திட்டம் இல்லாமலேயே இருந்தது. 2024இல்தான் 'புளூசிப்' வந்தது. அதுவும் செலவழித்த ரூபாயை வைத்துப் புள்ளி தரும் திட்டம்தான். ஆக, சலுகை விலையில் மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் சிக்கனக்காரருக்குக் குறைவாகவும், கடைசி நேரத்தில் இருமடங்கு கொடுப்பவருக்கு அதிகமாகவும் சேரும்.

ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் குடும்பம், ஆண்டுக்கு விமான டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டம் தாராளமானது, கொடுத்த காசில் 5 சதவீதம் மதிப்புக்கு மைல் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000 ரூபாய். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 1,250. மூன்று ஆண்டு பொறுமையாகச் சேர்த்தாலும் ஆளுக்கு 3,750 ரூபாய் மதிப்புதான். இதற்கிடையில் ஒரு ஆண்டு பயணம் தள்ளிப்போனாலோ, ஒருமுறை வேறு விமானத்தில் ஏறினாலோ அதுவும் இல்லை. இந்த அளவுக்காக, 3,000 ரூபாய் மலிவாக வேறு விமானத்தில் கிடைக்கும் டிக்கெட்டை விட்டுவிட்டு 'நம்ம விமானம்' என்று தேடிப் போவது நஷ்டம். நாலு டிக்கெட்டில் 12,000 ரூபாய் அங்கேயே போய்விடும்.

அதற்காக மைலே வேண்டாம் என்று சொல்லவில்லை. உறுப்பினராவது இலவசம், எப்படியும் ஏறப்போகும் விமானத்தில் எண்ணைக் கொடுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் யோசனை வேண்டும்.

இங்கே இரண்டு வகைத் திட்டங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு வகையில் புள்ளிக்குக் கிட்டத்தட்ட நிலையான ரூபாய் மதிப்பு உண்டு. டாடா குழுமத்தின் ஷாப்பிங் செயலியான டாடா நியூவில் தரும் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கும் அதைப் பயன்படுத்தலாம், வீட்டு மளிகைக்கும் பிக்பாஸ்கெட்டில் பயன்படுத்தலாம். இன்னொரு வகையில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைல் என்று அட்டவணை இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' அப்படிப்பட்டது. அதில் 'சேவர்' என்ற குறைந்த மைல் இருக்கைகள் ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம்தான் இருக்கும். அவை முடிந்தால் 'அட்வான்டேஜ்' வகைக்குக் கூடுதல் மைல் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது வகையில் மதிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். போய்வர 40,000 மைலும், அதோடு வரியாக 5,000 ரூபாயும் கேட்கிறார்கள் என்று கொள்வோம். மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரியை நாம்தான் கட்டவேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிப்ரவரியில் அதே டிக்கெட் காசுக்கு 24,000 ரூபாய் என்றால், மைல் மிச்சப்படுத்தியது 19,000. ஒரு மைலுக்கு 47 பைசா. டிசம்பர் விடுமுறையில் அதே டிக்கெட் 42,000 ரூபாய் என்றால் மிச்சம் 37,000. ஒரு மைலுக்கு 92 பைசா. அடடா, டிசம்பரில் எடுத்தால் இரட்டை லாபமே என்று தோன்றும். ஆனால் அந்த டிசம்பர் இருக்கையைத்தான் மைலுக்குத் தரமாட்டார்கள். காசுக்கு நல்ல விலை போகும் இருக்கையை யார் குறைந்த மைலுக்கு விடுவார்கள்?

நம் குடும்பங்கள் எப்போது பறக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும், காலாண்டு விடுமுறைக்கு, தீபாவளிக்கு, அரையாண்டுக்கு, பொங்கலுக்கு. தேதியை நாம் முடிவு செய்வதில்லை, பள்ளிக்கூடம் முடிவு செய்கிறது. அதுவும் ஒரே விமானத்தில் நான்கு இருக்கைகள் வேண்டும். அட்டவணைத் திட்டத்தின் முழு லாபமும் தேதியை வளைத்துக்கொள்ள முடிகிறவருக்குத்தான். வளைக்க முடியாத குடும்பத்துக்கு, மதிப்பு கொஞ்சம் குறைவானாலும் எந்த நாளிலும் எந்த இருக்கைக்கும் ரூபாய்போலக் கழித்துக்கொள்ளக்கூடிய புள்ளிதான் நல்லது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஓய்வுபெற்ற பெற்றோரின் நிலை வேறு. மகன் சிங்கப்பூரில், மகள் மெல்போர்னில் என்று இருக்கும் வீடுகள் இன்று திருச்சியிலும் கோவையிலும் தெருவுக்கு இரண்டு உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பிப்ரவரியும் ஒன்றுதான், ஆகஸ்டும் ஒன்றுதான். ஆண்டுதோறும் ஒரே தடம், இரண்டே இருக்கைகள், தேதியில் தாராளம். இவர்களுக்கு அட்டவணைத் திட்டம் கச்சிதமாகப் பொருந்தும். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குழுமத்தைச் சேர்ந்ததுதான். அதில் போனாலும் கிரிஸ்ஃபிளையர் மைல் சேரும். அங்கே வேலை செய்யும் மகனே தன் அட்டைச் செலவில் சேரும் மைலைக் கொண்டு அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். கிரிஸ்ஃபிளையரில் ஒருவர் ஐந்து பேரை நியமித்து அவர்கள் பெயரில் டிக்கெட் எடுக்க முடியும்.

காலாவதி விதிக்கு வருகிறேன். எனக்குப் பட்ட அடி இங்கேதான், அதனால் இதைத்தான் இப்போது முதலில் படிக்கிறேன். விதிகள் மூன்று மாதிரி இருக்கின்றன. முதல் மாதிரியில் கெடு கறார். கிரிஸ்ஃபிளையர் மைல் சேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டு. எமிரேட்ஸ் 'ஸ்கைவார்ட்ஸ்' மைலும் மூன்றாண்டுக் கணக்குதான், ஆனால் முடிவது உங்கள் பிறந்த மாதக் கடைசியில். இடையில் நீங்கள் பத்து முறை பறந்தாலும் பழைய மைல் பழைய கெடுவில்தான் போகும். இரண்டாவது மாதிரியில் கணக்கு அசைந்துகொண்டே இருந்தால் போதும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் பயன்படுத்தும் 'ஏவியோஸ்' 36 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால்தான் அழியும். ஏர் கனடாவின் 'ஏரோபிளான்' 18 மாதம். ஒரு சின்ன வரவோ செலவோ நடந்தால் மொத்தக் கணக்குக்கும் புது ஆயுள். மூன்றாவது மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. டெல்டா மைலுக்குக் காலாவதி இல்லை, யுனைடெட்டும் 2019இல் காலாவதியை எடுத்துவிட்டது.

எப்போதாவது பறக்கிறவருக்கு முதல் மாதிரி ஆகாது, இரண்டாவது நல்லது, மூன்றாவது மிக நல்லது. ஆனால் அமெரிக்கத் திட்டம் நம் ஊர்த் தடத்துக்கு எவ்வளவு உதவும் என்பது தனிக் கேள்வி. இங்கே கூட்டணிகள் கைகொடுக்கின்றன. 1997இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' தொடங்கின. ஏர் இந்தியா அதில் 2014 ஜூலையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியில் சேர்ந்தது. ஏர் கனடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டாரில், பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தாரும் ஒன்வேர்ல்டில். ஒரே கூட்டணி என்பதால், ஏர் இந்தியாவில் பறந்துவிட்டு மைலை ஏரோபிளானிலோ கிரிஸ்ஃபிளையரிலோ போட்டுக்கொள்ளலாம். ஸ்ரீலங்கனில் கொழும்பு வழியாகப் போய்விட்டு ஏவியோஸாக வாங்கிக்கொள்ளலாம். எந்த விமானத்தில் ஏறினோம் என்பதும் எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதும் வேறு வேறு.

டொரோண்டோவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சென்னைக்கோ கொழும்புக்கோ போகும்போது, ஒருமுறை ஏர் கனடாவில், ஒருமுறை லுஃப்தான்சாவில், ஒருமுறை ஏர் இந்தியாவில் என்று எது மலிவோ அதில் ஏறினாலும், மூன்றையும் ஏரோபிளான் ஒன்றிலேயே சேர்க்கலாம். அங்கே எட்டுப் பேர் வரை குடும்பமாக ஒரே பானையில் மைலைக் கொட்டிவைக்கவும் வசதி உண்டு. லண்டனில் இருப்பவர்களுக்கு ஏவியோஸ் இயல்பான தேர்வு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனிலிருந்து சென்னைக்கு நேரடியாகப் பறக்கிறது, கத்தார் தோஹா வழியாக வருகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் மைல் டிக்கெட்டுக்கும் விமான நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம் கனமாக இருக்கும், முன்பதிவு செய்யும் பக்கத்தில் கடைசித் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏர் கனடா அப்படிப்பட்ட கூடுதல் கட்டணத்தை 2020இல் ஏரோபிளானைப் புதுப்பித்தபோது எடுத்துவிட்டது.

கூட்டணிக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. டிக்கெட்டில் ஒரு எழுத்து அச்சிட்டிருக்கும், கட்டண வகுப்பு என்று. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களின் எழுத்துகூட வேறாக இருக்கலாம். மிக மலிவான எழுத்துகளுக்கு வேறு நிறுவனத்தின் கணக்கில் கால்பங்கு மைல்தான் சேரும், சிலவற்றுக்குச் சுழியம். மைலுக்காகவே ஒரு டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், காசு கட்டுமுன் அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று திட்டத்தின் பக்கத்தில் பார்த்துவிடவேண்டும்.

அடுத்து, தமிழர்களுக்கென்றே அமைந்த ஒரு சிக்கல். இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, 'கே. முருகன்' என்று வாழ்க்கை முழுவதும் கையெழுத்துப் போடுகிறோம். விமானத் திட்டத்தில் சேரும்போது படிவம் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒருவர் முதல் கட்டத்தில் முருகன், இரண்டாவதில் 'கே' என்று போடுவார். பாஸ்போர்ட்டிலோ முதலெழுத்தை விரித்து 'கருப்பையா முருகன்' என்று இருக்கும். அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்ப முருகன் முருகன் என்று இருமுறை போட்டிருப்பார். கணினிக்கு இந்த மூன்று பெயர்களும் மூன்று ஆட்கள். மைல் வந்து சேராது. சேரவில்லை என்பதே பயணம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தெரியும். எங்கள் வீட்டில் மகளுடைய கணக்கில் ஒருமுறை ஒருவழி மைல் மட்டும் ஏறியதற்குக் காரணம் இதுதான். போகும்போது பெயர் ஒருவிதம், திரும்பும்போது ஒருவிதம்.

இதற்கு வழி எளியதுதான், பொறுமை வேண்டும். கணக்குத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். முதலெழுத்து விரித்திருந்தால் விரித்தே போடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே. முகவர் மூலம் டிக்கெட் எடுத்தால் உறுப்பினர் எண்ணை அவரிடம் முன்பே கொடுத்துவிட்டு, டிக்கெட் வந்ததும் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போர்டிங் பாஸை மைல் ஏறும்வரை தூக்கிப்போடாதீர்கள். விட்டுப்போன மைலைக் கேட்டு வாங்கப் பல திட்டங்கள் ஆறு மாதம்வரை அவகாசம் தருகின்றன, ஆனால் போர்டிங் பாஸோ டிக்கெட் எண்ணோ இல்லாமல் கேட்டால் பதில் வராது. எங்கள் வீட்டில் இப்போது ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போர்டிங் பாஸ்களும் ஒரு கிளிப்பில் இருக்கின்றன.

குடும்பக் கணக்கு வசதி உள்ளதா என்பதை நான் காலாவதிக்கு அடுத்தபடி பார்க்கிறேன். எமிரேட்ஸில் எட்டுப் பேர் வரை ஒரே குடும்பமாகப் பதிவு செய்து, சேரும் மைல் அத்தனையையும் ஒரே கணக்கில் போடலாம். நான்கு இரண்டாயிரங்கள் எதற்கும் உதவாது, ஒரு எட்டாயிரம் உதவும். துபாயில் வேலை செய்பவர் ஆண்டுக்கொருமுறை மனைவி பிள்ளைகளைச் சென்னையிலிருந்து வரவழைக்கிற வீடுகளில் இந்த ஒரு வசதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, கடன் அட்டை. ஆண்டுக்கு ஒருமுறை பறக்கிறவருக்கு மைல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்றால் வீட்டுச் செலவிலிருந்துதான். மளிகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், காப்பீடு என்று ஆண்டு முழுவதும் அட்டையில் ஓடும் தொகை டிக்கெட் செலவைவிடப் பலமடங்கு. எனவே அட்டைப் புள்ளியைப் பயணத்துக்குத் திருப்புவது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மாதம் பாக்கி வைத்தாலே எல்லாம் தலைகீழாகும். நம் நாட்டு அட்டைகளில் பலவற்றில் வட்டி மாதம் 3.5 சதவீதமோ அதற்கு மேலோ, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதமோ அதற்கு மேலோ. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க்கு ஒன்றோ இரண்டோ ரூபாய் புள்ளியாகத் தருகிறவர்களுக்கு அந்த வட்டிதான் பிழைப்பு. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் இல்லாதவர் மைல் அட்டை பக்கமே போகவேண்டாம்.

வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது இன்னொரு ஓட்டை. பெரும்பாலான அட்டைகள் அன்னியச் செலாவணி மாற்றுக்கு 3.5 சதவீதம் எடுக்கின்றன, ஜிஎஸ்டியோடு 4.13 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்கு அங்கே செலவழித்தால் 4,130 ரூபாய் சத்தமில்லாமல் போகும். அதே செலவுக்குக் கிடைத்த புள்ளி ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் பெறும். ஆண்டுக்கொருமுறை வெளிநாடு போகும் குடும்பத்துக்கு, ஆடம்பரமான மைல் அட்டையைவிட மாற்றுக் கட்டணமே இல்லாத ஒரு எளிய அட்டை அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். விமான நிலைய ஓய்வறைக்கு இலவச நுழைவு என்பதற்காகவே அட்டை வாங்குகிறவர்களும் உண்டு. பல வங்கிகள் இப்போது முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் அந்த நுழைவைத் தருகின்றன. ஆண்டில் இரண்டு முறை உப்புமாவும் காபியும் சாப்பிட அவ்வளவு செலவு தேவையா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

பயணம் என்றால் விமானம் மட்டும்தானா? நம்மில் பலருக்கு விடுமுறைப் பயணம் பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் நீலகிரி எக்ஸ்பிரஸிலும்தான் நடக்கிறது. ஐஆர்சிடிசியும் எஸ்பிஐயும் சேர்ந்து தரும் அட்டையில், ஏசி வகுப்பு டிக்கெட்டை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை புள்ளியாகத் திரும்புகிறது. ஒரு புள்ளி ஒரு ரூபாய், அதை மறுபடி ரயில் டிக்கெட்டுக்கே பயன்படுத்தலாம். ஸ்லீப்பர் வகுப்புக்கு இந்த விகிதம் கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு மாதாமாதம் மதுரைக்கோ கோவைக்கோ ஏசியில் போய்வரும் வீட்டுக்கு எந்த விமானத் திட்டமும் இதற்கு ஈடாகாது. விலை தெரிந்த புள்ளி, எப்போதும் பயன்படும் இடம், காத்திருக்கத் தேவையில்லை.

ஓட்டல் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேரியட் 'பான்வாய்' போன்றவை பெருநகரங்களில் தங்குகிறவருக்கு நல்லவை. அதில் 24 மாதம் கணக்கு அசையாவிட்டால் புள்ளி போகும். நாம் போகும் ஏற்காடு, ராமேஸ்வரம், கொடைக்கானல், குற்றாலம் போன்ற ஊர்களில் தங்குமிடம் பெரும்பாலும் தனியார் விடுதி, தமிழ்நாடு ஓட்டல், அல்லது தெரிந்தவர் வீடு. அங்கே இந்தப் புள்ளி செல்லாது.

எந்தத் திட்டமானாலும் அதில் இருப்பது நம் பணம் கிடையாது. விதியை மாற்றும் உரிமையை எல்லா நிறுவனங்களும் தங்களிடமே வைத்திருக்கின்றன. நிறுவனமே நின்றுபோவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, பறக்காத விமானத்தின் மைலை வைத்து எங்கே போவது? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டமான 'ஜெட்பிரிவிலேஜ்' தனி நிறுவனமாக இருந்ததால் தப்பித்து 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாராப் புள்ளிகள் மகாராஜா கிளப்புக்குப் போயின. ஒருவருக்கு நல்லபடியாக முடிந்தது, இன்னொருவருக்கு இல்லை. பத்தாண்டு சேர்த்து ஐரோப்பா போகலாம் என்று திட்டமிடுவதைவிட, டிக்கெட்டுக்குப் போதுமானது சேர்ந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இவ்வளவுதான். ஒரு வெள்ளைத்தாளில் அடுத்த மூன்று ஆண்டில் போகப்போகும் பயணங்களை எழுதினோம். அக்கா வீட்டுக்கு இரண்டு முறை, டெல்லி ஆக்ரா ஒருமுறை, ஆண்டுதோறும் மதுரைக்கு ரயிலில் நாலைந்து தடவை. எதிரே தேதி எழுதினோம், எல்லாமே பள்ளி விடுமுறை. அக்கா ஊருக்குப் போகும் விமானங்களில் குடும்பக் கணக்கு உள்ள ஒன்றில் நாலு பேரையும் ஒரே பானையில் சேர்த்தோம், பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் எழுதி. டெல்லிக்கு எது மலிவோ அது. ரயிலுக்கு அந்த ஒரு அட்டை, மாதக் கடைசியில் முழுத்தொகையும் தானாகக் கழிய வங்கியில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கணக்கில் இன்று 11,400 மைல் இருக்கிறது. அது முடியும் தேதியை மகள் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.